கழுகுத் தலை தைத்த வருடம்

இல்ஃபோர்டில் உடுப்புத் திருத்தும் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கடை என்று சொன்னாலும் அரைக் கடைதான். ஒரு பாதியில் போன் திருத்துகிற பஞ்சாபிக்காரர், மறுபாதியில் நான், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. காற்சட்டைக் கால் குறைப்பது, ஸிப் மாற்றுவது, சாறி பிளவுஸ் தைப்பது, அரங்கேற்றக் காலங்களில் பரதநாட்டிய உடுப்புகளை இறுக்குவது, தளர்த்துவது, இவைதான் வேலை. பாரிசில் ஒரு தையல் பட்டறையில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிரெஞ்சுப் பாஸ்போட் கிடைத்த பிறகு லண்டனுக்கு வந்தவர்கள் நாங்கள். பிள்ளை இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று என் கணவர் நினைத்தார். தையலுக்குப் பாஷை தேவையில்லை என்பதால் எனக்கு அதில் பெரிய சிரமம் இருக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை முடிகிற நேரத்தில், ஒரு பெண் பெரிய நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெக்சிக்கோ நாட்டவர். இரண்டு வீதி தள்ளி ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்வதாகச் சொன்னார். பையிலிருந்து ஒரு பறவைத் தலையை எடுத்து மேசையில் வைத்தார். வாய் அகலப் பிளந்திருந்தது. மேல் அலகு போடுகிறவரின் நெற்றிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், கீழ் அலகு தாடைக்குக் கீழே வரும், நடுவில் மனித முகம் தெரியும். பஞ்சாபிக்காரர் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

அது கழுகு என்றார் அந்தப் பெண். அஸ்டெக் மக்களின் பழைய ஆட்டங்களை ஆடுகிற ஒரு குழுவில் அவர் இருக்கிறார். நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களை நினைக்கும் அவர்களுடைய நாட்களில், தெற்கு லண்டனில் ஒரு மண்டபத்தில் ஆட இருந்தார்கள். தலை யாரோ பசை வைத்து ஒட்டிச் செய்தது. குனிந்தால் அது வழுக்கிக் கண்ணை மறைத்தது. கைகளில் கட்டுகிற சிறகுகளிலிருந்து இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. நான் துணி தைக்கிறவள், பறவை தைக்கிறவள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நான் தொங்கவிட்டிருந்த பரதநாட்டிய உடுப்பைக் காட்டி, அதைத் தைக்கிறவருக்கு இதுவும் ஏலும் என்றார். புகழ்ச்சிக்கு மயங்கித்தான் வாங்கி வைத்தேன்.

கழுகு என்றதும் எனக்கு நினைவு வந்தது கருடன்தான். ஊரில் நாங்கள் உண்மையில் பார்த்தது பிராந்து, அதாவது பருந்து. அது மேலே வட்டமிட்டால் கோழி குஞ்சுகளைச் செட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். கோயில் கும்பாபிஷேகத்தன்று அதே பிராந்து வட்டமிட்டால் கருடன் வந்துவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிடுவோம். மறுநாள் அதற்கே கல்லெறிவோம். கழுகுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

தலைக்குள் பழைய சைக்கிள் ஹெல்மெட் ஒன்றை அறுத்து வைத்தேன். அதன் பட்டி தாடையை இறுக்கிப் பிடித்ததும் வழுக்குவது நின்றது. இறகுகள்தான் பாடாய்ப் படுத்தின. கழுகு இறகு இந்த நாட்டில் நினைத்தபடி வாங்கி விற்க முடியாதாம். வாத்து இறகும் வான்கோழி இறகும் சாயம் போட்டு வைத்திருந்தார். இறகின் தண்டில் மெஷின் ஊசி பட்டால் ஊசி ஒடிந்தது. கையால் தைத்தால் தண்டு பிளந்தது. கடைசியில் பூக் கட்டுவது போலத் தண்டைச் சுற்றி நூலால் முடிச்சுப் போட்டு, முடிச்சை மட்டும் துணியோடு சேர்த்துத் தைத்தேன். இறகு அசைந்தது, விழவில்லை. அதைப் பார்த்ததும் அவர் என் கன்னத்தில் முத்தமிட்டார். பாரிசில் பழகியது என்பதால் நான் மறு கன்னத்தையும் காட்டினேன்.

வேலை முடிந்து போகிற வழியில் அவர் அடிக்கடி வந்து இருப்பார். இறகுகளை அளவு பார்த்துப் பிரித்துத் தருவார், கதை சொல்லுவார். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்பதால் எங்களுக்குள் நன்றாக விளங்கியது. அவருடைய ஊரில் சிறுமியாக இருந்தபோது இந்தக் கழுகு வேஷத்தைக் கேட்டாராம். அது போர்வீரனுடையது, பெடியன்களுக்குத்தான் என்று குழுவை நடத்தியவர் சொல்லிவிட்டார். லண்டனில் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை, அதனால் ஆடுகிறேன் என்றார். சொல்வதில் பாதி புத்தகத்தில் படித்தது, பாதி குழுவில் கேட்டது, பிழை இருந்தால் நான் பொறுப்பில்லை என்றும் சொல்லி வைத்தார்.

அஸ்டெக் படையில் கழுகு வீரர் என்று ஒரு பிரிவு இருந்ததாம். ஜாகுவார் என்கிற புள்ளிப் புலியின் தோலைப் போர்த்தியவர்கள் இன்னொரு பிரிவு. பெரிய வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, சாதாரண உழவன் மகனும் போரில் திறமை காட்டினால் கழுகுப் பிரபு என்ற நிலைக்கு ஏறலாம். ஆனால் எத்தனை பேரைக் கொன்றாய் என்று அங்கே கேட்கமாட்டார்கள். எத்தனை பேரை உயிரோடு பிடித்து வந்தாய் என்பதுதான் கேள்வி. பிடிபட்டவர்களைச் சூரியனுக்குப் பலி கொடுத்தார்கள். அவர்களிடமிருந்து எடுத்த இதயங்களை இடுகிற கல் பாத்திரத்துக்குக் கழுகுக் கிண்ணம் என்று பெயர். அவர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. "எங்கட ஆக்கள் செய்தது" என்பது போலச் சொன்னார். எனக்கு அந்தத் தொனி பழக்கமானது.

கழுகின் இறகு ஏன் கருமை என்பதற்கும் ஒரு கதை இருந்தது. உலகத்தில் வெளிச்சம் இல்லாத காலத்தில் தெய்வங்கள் பெரிய நெருப்பு மூட்டி, யார் சூரியனாவது என்று கூடினார்கள். பணக்காரத் தெய்வம் ஒன்று முன்னுக்கு வந்து, ஒவ்வொரு தரமும் சூடு தாங்காமல் பின்வாங்கியது. உடம்பெல்லாம் புண்ணாக இருந்த ஏழைத் தெய்வம் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தது. அதுதான் சூரியன். வெட்கப்பட்டுப் பிறகு பாய்ந்த பணக்காரத் தெய்வம் நிலவானது. அவர்களுக்குப் பின்னால் கழுகும் பாய்ந்தது. அதனால்தான் அதன் இறகு கருகிப்போய் இருக்கிறது. அதற்குப் பின்னால் பாய்ந்த ஜாகுவாருக்கு அங்கங்கே மட்டும் பட்டதால் புள்ளி. நான் அப்போது வெளிர் பழுப்பு இறகுகளுக்குக் கறுப்புச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் கருகட்டும் என்றார்.

சூரியனையே அவர்கள் கழுகு என்றுதான் சொன்னார்களாம். காலையில் ஏறும் கழுகு, மாலையில் இறங்கும் கழுகு. போரில் செத்த வீரர்கள் விடியும்போது கிழக்கில் கூடி, ஆரவாரத்தோடு சூரியனை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மத்தியானம் அங்கே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சில வருடம் கழித்து அவர்கள் தேன் குடிக்கிற சின்னப் பறவைகளாகவும் வண்ணத்துப்பூச்சிகளாகவும் பூமிக்கு வருவார்கள்.

"மத்தியானத்துக்குப் பிறகு?" என்று கேட்டேன்.

பெண்கள் என்றார். உச்சியிலிருந்து சூரியனைப் பல்லக்கில் ஏற்றி மேற்கே இறக்குவது பெண்களின் வேலை. எந்தப் பெண்கள் என்று கேட்டேன். பிள்ளை பெறும்போது செத்தவர்கள் என்றார். பிள்ளை பெறுவதும் போர்தானாம். பிள்ளை பிறந்ததும் மருத்துவிச்சி போர்க்களத்தில் சத்தமிடுவது போலச் சத்தமிடுவாள், தாய் ஒரு உயிரைப் பிடித்து வந்துவிட்டாள் என்று. வலி எடுக்கிறவளைக் கழுகுப் பெண்ணே என்று கூப்பிடுவாளாம். செத்துப்போனால், அவளை வீரனுக்குச் சமமாக வைத்து, மருத்துவிச்சிகள் கேடயத்தோடு கூட்டிப்போய்ப் புதைப்பார்கள்.

 இடது சிறகை முடித்துக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

என் அக்கா பிள்ளைப்பேற்றில் செத்தவள். யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அது நடந்தது. பிள்ளை பிழைத்தது. அத்தான் பிள்ளையை என்னிடம் விட்டார். பிறகு வேறு கல்யாணம் கட்டிக் கனடாவில் இருக்கிறார், நல்லது கெட்டதுக்குப் போன் எடுப்பார். நான் கல்யாணம் கட்டியபோது பிள்ளையோடுதான் கட்டினேன். அவள் என்னைச் சின்னம்மா என்றும் என் கணவரைச் சித்தப்பா என்றும் கூப்பிடுகிறாள். ஆனாலும் அவளை மகள் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருடம் மகள் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. வால்தம்ஸ்டோவில் புருஷனோடு இருந்தாள், கவுன்சிலில் வீட்டுப் பிரிவில் வேலை. அவள் உண்டானதும் சொந்தக்காரர் எல்லோரும் எனக்கு ஒரே புத்திமதி சொன்னார்கள்: அவளுக்கு முன்னால் தாயின் கதையை எடுக்கக் கூடாது. நானும் எடுக்கவில்லை. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருந்த அக்காவின் படத்தைக்கூட ஒரு மாமி வந்து, கொஞ்சநாளைக்கு உள் அறையில் வைக்கச் சொன்னா. வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மகள் வேலைக்குப் போடுகிற உடுப்பைத் தளர்த்த வந்தாள். அதே நேரம் மெக்சிக்கோப் பெண் முழு வேஷத்தோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். மகளுக்கு ஆச்சரியம். படம் எடுத்தாள், இறகைத் தொட்டுப் பார்த்தாள், இருவரும் இங்கிலீஷில் கடகடவென்று கதைக்கத் தொடங்கினார்கள். பேச்சு சூரியனுக்கு வந்ததும் நான் இருமினேன். கண்ணால் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. காலை, மத்தியானம், பெண்கள், எல்லாம் சொல்லி முடித்துவிட்டார். பிறகுதான் மகளின் வயிற்றைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மகள் பயப்படவில்லை. என் பக்கம் திரும்பி, "சின்னம்மா, உங்களுக்கு இது முதலே தெரியுமோ?" என்று கேட்டாள்.

"ஓம். போன கிழமை சொன்னவ."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"இப்ப சொல்லுற கதையோ பிள்ளை இது?"

அவள் அவரிடமே திரும்பி, அந்தப் பெண்களைப் பற்றி இன்னும் கேட்டாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்களுடைய நாட்காட்டியில் இருபது குறிகள் உண்டு, கழுகு பதினைந்தாவது. குறியோடு ஒரு எண்ணும் சேர்ந்து நாளின் பெயராகும். எங்கள் நட்சத்திரமும் திதியும் போல என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒன்று கழுகு என்கிற நாள் வந்தால் அந்தப் பெண்கள் பூமிக்கு இறங்குவார்கள் என்று நம்பினார்கள். வேறு சில நாட்களிலும் இறங்குவார்கள், ஆனால் கழுகு நாளில் இறங்குகிறவர்கள் பொல்லாதவர்கள், பிள்ளைகளைப் பிடிப்பார்கள் என்று அன்றைக்குத் தாய்மார் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். நாற்சந்திகளில் அவர்களுக்குச் சின்னக் கோயில்கள் இருந்தன. அங்கே அப்பமும் பூவும் வைப்பார்கள்.

மகள் தன் நாள் என்ன குறி என்று கேட்டாள். பாஸ்போட்டில் இருக்கும் பிறந்த தேதி எங்களைப் பாரிசுக்கு அனுப்பிய ஏஜென்ட் போட்டது; அது அவளுக்கும் தெரியும். அக்காவின் திதி எங்களுக்குத் தெரியும் என்பதால் உண்மைத் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்து எப்போதோ குறித்து வைத்திருந்தோம். அதை அவர் போனில் போட்டுப் பார்த்தார். முயல் என்று வந்தது. மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். முயல் நாளில் பிறந்தவர்கள் நன்றாகக் குடிப்பார்கள் என்று அவர் சொன்னதும் மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். மகள் விடவில்லை. நகரத்தில் ஒரு மியூசியத்தில் அப்படி ஒரு பெண்ணின் கற்சிலை இருக்கிறதாம், பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்லி ஏலாமல் போய், ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் எலிசபெத் லைனில் போனோம்.

நான் ஏதோ பெரிய சிலையை எதிர்பார்த்திருந்தேன். இடுப்பளவுகூட இல்லாத கல். முழந்தாளிட்ட பெண். முகத்தில் சதை இல்லை, மண்டையோடுதான், பல் தெரிந்தது. கைகள் இரண்டையும் முன்னுக்குத் தூக்கியிருந்தாள். விரல்களுக்குப் பதில் பறவையின் நகங்கள். மெக்சிக்கோப் பெண் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், வேறு எதையோ பார்ப்பதுபோல நின்றார். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து, பயந்த மாதிரி நடித்துவிட்டு ஓடியது.

மகள் வயிற்றில் கை வைத்தபடி நெடுநேரம் பார்த்தாள். தலை சுற்றுகிறதோ என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு சொன்னாள்: "எல்லாரும் அம்மாவைப் பாவம் பாவம் எண்டுதான் சொல்லுறீங்கள். இவ பாவம் மாதிரி இல்லை. இவ கோவத்தில இருக்கிறா. அம்மாக்குக் கோவம் வரேல்லையோ?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எப்படிச் செத்தாள், டொக்டர் இருக்கவில்லையா, ரத்தம் ஏற்ற வழியில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கூடத்தின் நடுவில் இருந்த வாங்கில், இங்கே பெஞ்ச் என்பார்கள், அவளை இருத்தி, பக்கத்தில் இருந்து சொன்னேன்.

அக்காவுக்கு நல்லாகக் கோபம் வந்தது. வகுப்பறையில் நாலைந்து குடும்பங்கள். சாறியைக் கட்டித் தடுத்து, வாங்குகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டிலாக்கியிருந்தோம். வெளியே மழை. யன்னலுக்கு வெளியே ஒதுங்கி நின்று ஒருவர் சுருட்டுக் குடித்தார். வலிக்கு நடுவில் அக்கா அவரை ஏசிப் பேசிய பேச்சில் அந்த மனுஷன் மழையில் இறங்கிப் போனார். அத்தானைப் பேசினாள். ஆமியைப் பேசினாள், இயக்கத்தைப் பேசினாள், எல்லோரும் சேர்ந்து தன்னைப் பள்ளிக்கூட வாங்கில் கொண்டுவந்து போட்டுவிட்டதாகச் சத்தம் போட்டாள். பக்கத்துக் குடும்பத்து மனுஷி, பிள்ளை மெதுவாக என்றபோது, "நான் ஏன் மெதுவாக் கத்த வேணும்?" என்று கேட்டாள். ஒரு வயதான மருத்துவிச்சி மட்டும் இருந்தா. நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கையில் அவளுடைய நகம் பதிந்த காயம் ஒரு மாதம் ஆறவில்லை. பிள்ளை பிறந்ததும் சத்தம் நின்றது. பிள்ளையைப் பார்த்தாள். தனக்குப் பால் வரும்வரைக்கும் பிள்ளைக்குச் சீனித்தண்ணி பருக்கச் சொன்னாள். ரத்தம் நிற்கவில்லை.

மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சுருட்டுக்காரர் மழையில் இறங்கிப் போன இடத்தில் சிரித்தாள். முடிந்ததும் அழுதாள். நானும் அழுதேன். காவலுக்கு நின்ற பெண் வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் என் தோளில் நித்திரையாகிவிட்டாள். மெக்சிக்கோப் பெண் எங்களைக் கூட்டிப்போனது பிழையா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. வீட்டுக்கு வந்ததும் அக்காவின் படத்தை உள் அறையிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

நவம்பர் தொடக்கத்தில் ஆட்டம் நடந்தது. மேளத்துக்கு அவர் சுழன்று குனிந்து நிமிர்ந்தார், தலை அசையவில்லை. இரண்டு இறகு மட்டும் விழுந்தன. மகளும் நானும் முன் வரிசையில் இருந்து கை தட்டினோம்.

அதே மாத இறுதியில்தான் எங்களுடைய ஆட்கள் போரில் செத்த போராளிகளுக்கு விளக்கேற்றுவார்கள். என் கணவரின் தம்பி அப்படிச் செத்தவர். ஒவ்வொரு வருடமும் மண்டபத்தில் வரிசையாக வைத்திருக்கும் படங்களுக்குள் தம்பியின் படத்தைத் தேடி, பூ வைத்துவிட்டு வருவார். அந்த வருடம் அவர் வெளிக்கிடும்போது மகள் வீட்டில் இருந்தாள். அம்மாவின் படத்தையும் அங்கே வைக்கலாமா என்று கேட்டாள். அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, அது போராளிகளுக்கான நாள் என்றார்.

"அம்மாவும் அந்தச் சண்டையிலதானே செத்தவ, சித்தப்பா."

"சண்டையால செத்தவ. சண்டை பிடிச்சுச் செத்ததெண்டு சொல்லேலாது பிள்ளை."

"சின்னம்மா சொன்னதைக் கேட்டா, பிடிச்சுத்தான் செத்திருக்கிறா."

அவர் கோபப்படவில்லை. நாடாவைக் கட்டி முடித்துவிட்டு, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டும் பார்த்தார். ஒழுங்கு செய்தவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். சாதாரணச் சனத்துக்கு விளக்கேற்றுவது வேறு நாளில், அன்றைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அவர்களிடமும் பிழை சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கணக்கு உண்டு. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து என் கணவர் சொன்னார்: "முந்தியெண்டால் உன்ர அக்காவுக்கு ஊரில ஒரு சுமைதாங்கி கட்டியிருப்பினம்."

மகளுக்கு அந்தச் சொல் தெரியாது. விளங்கப்படுத்தினோம். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே போடுவது. தெருவோரத்தில், தலையில் சுமை கொண்டுபோகிறவர்கள் இன்னொருவரின் உதவி இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாறுகிற உயரத்தில் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு செத்த பெண்ணின் நினைவாகக் கட்டுவது அது. அவள் இறக்காமல் போன சுமை அதனால் இறங்கும் என்று நம்பிக்கை. அக்காவின் பிள்ளை பிறந்துவிட்டதால் கட்டலாமோ கட்டக் கூடாதோ என்று அப்போதே சொந்தத்துக்குள் இரண்டு கருத்து இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் பார்ப்போம் என்று அப்பா சொன்னார். திரும்பியபோது அப்பா இருக்கவில்லை, கேட்கவும் ஆள் இல்லை.

"ரோட்டுக் கரையிலயோ வைக்கிறது?" என்று மகள் கேட்டாள். ஓம் என்றோம். மெக்சிக்கோக்காரர்களும் நாற்சந்தியில் வைத்ததை அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் நினைத்தேன். 

தை மாதம் அவளுக்கு வலி கண்டது. பதினெட்டு மணித்தியாலம் பட்டும் பிள்ளை இறங்காமல் கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள். ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோகும்வரை நான் பக்கத்தில் இருந்தேன். சத்தம் போடு, உனக்கு எவ்வளவு ஏலுமோ அவ்வளவு போடு என்று சொன்னேன். போட்டாள். தமிழ், இங்கிலீஷ், சின்ன வயதில் விட்டுவந்த பிரெஞ்சு எல்லாம் வந்தது. நைஜீரிய மருத்துவிச்சி ஒருத்தி, அப்படித்தான், அப்படித்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகன் சுவரோடு ஒட்டி நின்றார். பெண் குழந்தை. இருவரும் சுகமாக வந்தார்கள். வெளியே வந்து பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். என் கணவர் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அதைக் குடிக்க வெகுநேரம் எடுத்தது.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது மகள் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தாள். இந்த ஊரில் இறந்தவர் நினைவாகப் பார்க்கில் வாங்கு போடலாம், அதில் ஒரு தகட்டில் பெயர் பதிக்கலாம். சுமைதாங்கி கட்டத் தெருவில் ஏலாது, வாங்கு போட ஏலும் என்றாள். வாங்கு குந்தியிருக்கிறதுக்கு, சுமைதாங்கி அப்படி இல்லை என்று நான் சொன்னேன். இருக்கிற சனம் பையை மடியில் வைத்துக்கொண்டா இருக்கப் போகுது என்று கேட்டாள். 

தகட்டில் அக்காவின் பெயர், கீழே ஒரு வரி: சுமையை இறக்கி வையுங்கோ. அந்த "வையுங்கோ" பற்றி வீட்டில் ஒரு மாதம் விவாதம் நடந்தது. எழுத்தில் "வையுங்கள்" என்றுதான் வர வேண்டும் என்றார் என் கணவர். அம்மா வாயால் அப்படிச் சொல்லியிருப்பாவோ என்று மகள் கேட்டாள். சொல்லியிருக்கமாட்டாள். "வையுங்கோ" நின்றது. முதலில் வந்த மாதிரியில் கொம்பெல்லாம் இடம் மாறி, எழுத்து ஒரு பக்கமும் அரவு, அதாவது துணைக்கால், ஒரு பக்கமுமாகக் கிடந்தது. தமிழ் எழுத்தை அந்த மெஷின் விளங்கிக்கொள்ளவில்லை. மகள் எழுத்தைப் படமாக்கி அனுப்பினாள். இரண்டாவது தரம் சரியாக வந்தது. குளத்தடியில் வேண்டும் என்று கேட்டிருந்தோம். அங்கே இடமில்லை என்று பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து வாசலில், குப்பைத் தொட்டிக்கு அருகில் போட்டார்கள்.

போட்ட அன்று பெரிய சடங்கு ஒன்றும் வைக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் பேத்தியும் போனோம். மெக்சிக்கோப் பெண் மத்தியான இடைவேளையில் வேலைச் சட்டையோடு வந்தார். அவர் கொஞ்சம் ரொட்டிப் பாணும் பூவும் கொண்டுவந்திருந்தார், நான் ஒரு சரம் மல்லிகை. குருவி வந்து பாணைத் தின்னும் என்று என் கணவர் சொன்னார். தின்னட்டும் என்றார் அந்தப் பெண். அடுத்த வருடம் அவர் வேலை மாறி மான்செஸ்டருக்குப் போய்விட்டார். பேத்தியின் படம் கேட்டு எழுதுவார், அனுப்புவோம்.

கடையை மூடிவிட்டுச் சிலநாள் அந்த வழியால் போகிறேன். போன கிழமை போனபோது இரண்டு பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பைகளை வாங்கில் அடுக்கிவிட்டு, இருக்க இடமில்லாமல் நின்றபடி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி பையை எடுத்து இடம் விடப் பார்த்தாள். பரவாயில்லை, அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு பஸ்சுக்கு நின்றேன்.